பதம் அறியும் பாத்திரம்: ருக்மணி குக்கர் முதல் மின் குக்கர் வரை

தமிழர் உணவின் வரலாற்றை எழுதப் புகுவோர், எந்த உணவு எங்கிருந்து வந்தது என்பதையே பெரிதும் ஆராய்கின்றனர். இட்டலியின் பிறப்பிடம் எது, மிளகாய் எப்போது வந்தது, காப்பி நம் காலைப்பொழுதை எவ்வாறு கைப்பற்றியது என்பன போன்ற வினாக்களுக்கு விடை கூறும் நூல்கள் உள்ளன. அவ்வுணவு எந்தக் கலத்தில் வெந்தது, வெந்துவிட்டதை அறிந்து சொன்னவர் யார் என்னும் வினாக்களோ அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களைச் சென்னையின் தென்புறநகரை மையமாக வைத்து நோக்குவதே நம் நோக்கம். தாம்பரம் வட்டாரத்து வாடகை அறைகளில் இன்று மேசைமீது அமர்ந்திருக்கும் சிறிய மின் குக்கருக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட முன்கதை உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓவன் இல்லாமல் சமைப்பதை ஒரு குறையாகக் கருதுவது மேலைநாட்டுச் சமையலறையின் பார்வை. ரொட்டியையும் இறைச்சியையும் உலர்ந்த வெப்பத்தில் சுட்டு உண்ட நாடுகளில் ஓவன் வீட்டின் மையமாக விளங்கிற்று. நம் வீடுகளில் நீரும் ஆவியுமே அப்பணியைச் செய்தன. சோறு நீரில் வெந்தது. இட்டலியும் இடியாப்பமும் புட்டும் கொழுக்கட்டையும் ஆவியில் வெந்தன. ஆகவே, சிறிய மின் கலமொன்றில் நீரையும் ஆவியையும் கொண்டு ஒரு வேளை உணவை ஆக்கிக்கொள்வது நமக்கு அயலான செயலன்று. இங்கு உண்மையில் மாறியது ஒன்றே. பதம் பார்க்கும் பொறுப்பு மனிதரின் கையிலிருந்து பாத்திரத்திற்குப் போயிற்று.

உலையருகே நின்ற காலம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியைச் சிறு கூறு முழுமையைக் காட்டும் என்ற பொருளில் வழங்குகிறோம். அடுப்படியில் நின்று நோக்கினால் அது ஒரு வேலைமுறையின் துல்லியமான விவரிப்பு என்பது புலப்படும். கொதிக்கும் உலையிலிருந்து அகப்பையால் சிறிது அள்ளி, ஒரு பருக்கையை விரலிடையே நசுக்கி, நடுவில் வேகாத வெண்புள்ளி எஞ்சியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். இல்லையெனில் உடனே பானையை இறக்கிக் கஞ்சி வடிக்க வேண்டும். சற்றுத் தாமதித்தால் சோறு குழையும். முந்தினால் அரிசி அரிசியாக நிற்கும்.

இதற்கு ஒருவர் அடுப்பருகிலேயே இருந்தாக வேண்டும். விறகைத் தள்ளவும், பொங்கினால் மூடியை நகர்த்தவும், கொதிக்கும் பானையைக் கவிழ்த்து வடிக்கவும் ஆள் தேவை. பெரும்பாலான வீடுகளில் அந்த ஆள் பெண்ணாகவே இருந்தாள். வீட்டில் அவ்வாறு ஒருவர் எப்போதும் இருப்பார் என்ற நம்பிக்கையின் மீதே வடித்த சோறு நிலைபெற்றிருந்தது. அந்த நம்பிக்கை முதலில் ஆட்டம் கண்ட இடங்களுள் ஒன்று சென்னையின் தென்புறநகர்.

மின்சார ரயிலும் காலை அடுப்பும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான மீட்டர் பாதையில் 1931ஆம் ஆண்டு மே மாதம் பொதுமக்களுக்கான மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் பாதையில் ஓடிய முதல் மின்சார ரயில் இதுவே. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1928இல், தாம்பரத்திற்கு அருகே டாக்டர் சவுரிமுத்து காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவியிருந்தார். பின்னர் அரசுடைமையான அம்மருத்துவமனையின் பெயரே இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' நிலையத்தின் பெயராக நிற்கிறது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. நல்ல காற்றும் விலை குறைந்த மனையும் விரைவான ரயிலும் ஒருங்கே கிட்டியமையால், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகியவை படிப்படியாகக் குடியிருப்புகளாயின.

இப்புறநகர் வாழ்வின் தலையாய அடையாளம் கடிகாரம். கோட்டைக்கும் கடற்கரைக்கும் அலுவலகம் செல்வோர் குறிப்பிட்ட வண்டியைப் பிடித்தாக வேண்டும். அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தை ரயிலின் கால அட்டவணை நிர்ணயித்தது. இதில் ஒரு விந்தையும் உண்டு. வீட்டு வாசலைக் கடந்து மின்சாரத்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டினுள்ளோ விறகும் கரியும் மரத்தூளும் புகைந்துகொண்டிருந்தன. பயணத்திற்கு வந்த மின்சாரம் சோற்றுப் பானையை எட்டப் பல பத்தாண்டுகள் ஆயின.

கரியே கடிகாரமானபோது

இந்த இடைவெளியை முதலில் நிரப்பியது ருக்மணி குக்கர். இளைய தலைமுறையினர் இதனைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சிறிது விளக்குவோம். பித்தளையாலான உயரமான உருளை ஒன்று. அதன் அடியில் கரித்தணல் இடும் சிறு தட்டு. உருளையினுள் சிறிது நீர். அதற்குமேல் டிபன் கேரியர் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிண்ணங்கள். ஒன்றில் அரிசியும் நீரும், மற்றொன்றில் பருப்பு, இன்னொன்றில் காய் என வைத்து மூடிவிட்டால், அனைத்தும் ஒரே ஆவியில் வெந்துவிடும்.

இவ்வகைக் கலத்திற்கு வங்காளத்தில் புகழ்பெற்ற முன்னோடி ஒன்றுண்டு. கல்கத்தாவில் மருத்துவராகவும் பன்முக அறிஞராகவும் விளங்கிய இந்துமாதவ் மல்லிக் 1910இல் 'இக்மிக் குக்கர்' என்னும் அடுக்குக் கலத்தை உருவாக்கினார். பூரி ஜகந்நாதர் கோயிலில் பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கும் முறையே அவருக்குத் தூண்டுதலாயிற்று என்பர். சுகாதாரம், சிக்கனம் ஆகிய இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் ஈறுகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. சிறிய கலத்தில் உடல்நலத்திற்கு ஏற்ற உணவு என்று இன்றைய விளம்பரங்கள் கூறுவது, நூறாண்டுக்கு முன்னரே ஒரு பாத்திரத்தின் பெயராக அமைந்துவிட்டமை காண்க.

ருக்மணி குக்கரை விரும்பியவர் யாவர்? தனியே தங்கிப் பணிபுரிந்தோர், அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகத்தர், யாத்திரை செல்வோர், பிறர் கைச் சமையலை உண்ணாத ஆசாரக்காரர் ஆகியோர். இவர்கள் அனைவருக்கும் பொதுவானது ஒன்று. அடுப்பருகே நிற்க இவர்களுக்கு ஆள் இல்லை. அக்குறையைக் கலம் எவ்வாறு ஈடுசெய்தது என்பது நுட்பமானது. அளவாகக் கரி இட வேண்டும். அக்கரி எரிந்து தீரும்போது சோறு வெந்திருக்கும். எஞ்சிய சூட்டில் அது ஆறாமலும் இருக்கும். பதம் பார்க்கும் பொறுப்பு பருக்கையிலிருந்து கரிக்கு மாறியது. கரியின் அளவே கடிகாரமாயிற்று.

செவியால் அறிந்த பதம்

1959இல் டி.டி.கே. குழுமத்தின் பிரெஸ்டீஜ் குக்கர் சந்தைக்கு வந்தபின், பதம் பார்க்கும் உறுப்பு செவியாயிற்று. 'மூன்று விசில் வந்ததும் இறக்கிவிடு' என்பது தமிழ்க் குடும்பங்களின் அன்றாட வாக்கியமாகிப் போனது. அழுத்தத்தினால் நீரின் கொதிநிலை 120 பாகை செல்சியஸ் அளவுக்கு உயர்வதால், பருப்பும் பயறும் விரைவில் மசிந்தன. எனினும் விசில்களை எண்ண ஒருவர் தேவைப்பட்டார். அடுப்பை அணைக்கவும் ஒருவர் தேவைப்பட்டார்.

அந்த அடுப்பு யாது என்பதும் கருதத்தக்கது. எரிவாயு இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. புறநகரின் எளிய வீடுகளில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வே துணை. திரி ஸ்டவ், பம்பு ஸ்டவ் ஆகியவற்றின் மணத்தையும் ஓசையையும் அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்னும் செய்தி நாளிதழ்களின் உள்பக்கங்களில் ஓயாது வந்துகொண்டிருந்தது. அவற்றுள் சில விபத்துகள். சில விபத்தென்று எழுதப்பட்டவை. சுடரில்லாச் சமையலைப் பற்றிப் பேசுகையில் வசதியை மட்டும் பேசி இச்செய்திகளை விட்டுவிடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

நீர் தீர்ந்ததை அறிந்த விசை

மின்சாரத்தால் சோறாக்குவது கடினமன்று. சூடேறும் கம்பிச்சுருள் ஒன்று போதும். எப்போது நிறுத்துவது என்பதே சிக்கல். ஜப்பானில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மின்சாரச் சோற்றுக் கலங்கள் செய்யப்பட்டன. அவற்றையும் அருகிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் அவை நிலைக்கவில்லை.

1955ஆம் ஆண்டு டிசம்பரில் தோஷிபா நிறுவனம் தானே அணையும் மின் குக்கரை வெளியிட்டது. அதனை வடிவமைத்தவர் மினாமி யோஷிததா என்னும் சிறு தொழிற்கூட உரிமையாளர். வெயிலிலும் குளிரிலும் மீண்டும் மீண்டும் சோறாக்கிப் பார்த்துச் சோதித்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. அவர்கள் கண்ட தீர்வு எளியது. உட்கலத்தில் அரிசியும் நீரும். வெளிக்கலத்தில் அளந்து ஊற்றிய சிறிது நீர். வெளிக்கலத்து நீர் இருக்கும் வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. சுமார் 20 நிமிடங்களில் அது ஆவியாகித் தீர்ந்ததும் வெப்பம் சட்டென உயரும். உடனே ஈருலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்.

பின்னர் வந்த குக்கர்களில் வெளிக்கலம் நீங்கியது. தகட்டின் இடத்தைப் பெரும்பாலும் காந்தம் பிடித்தது. ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் காந்தத்தன்மையை இழக்கும் பொருளொன்று உட்கலத்தின் அடியில் ஒட்டி நிற்கும். அரிசி நீரையெல்லாம் உறிஞ்சியபின் அடிப்பகுதி 100 பாகையைச் சற்றுக் கடந்ததும் காந்தம் பிடிவிடும், வில் இழுக்கும், விசை 'டக்' என்று மேலெழும். நம் வீடுகளில் கேட்கும் அவ்வோசையின் பொருள் இதுவே.

பழமொழியை இங்கு மீண்டும் நினைவுகூர்வோம். மின் குக்கர் எந்தப் பருக்கையையும் பதம் பார்ப்பதில்லை. அதற்கு அரிசி எது என்றே தெரியாது. நீர் தீர்ந்துவிட்டது என்னும் ஒரே செய்தியை மட்டும் அது அறியும். நீரை அளந்து ஊற்றியவரின் கையில்தான் பதம் இன்னும் இருக்கிறது. நிற்கும் பொறுப்பு நீங்கியது. அளக்கும் பொறுப்பு கூடியது.

தென்புறநகரின் வாடகை அறைகள்

சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளுக்குச் சென்று மீண்டோர் கொணர்ந்த பொருள்களுள் ஒன்றாகவே இக்கலம் நம்மவர்க்கு அறிமுகமாயிற்று. 1988இல் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனத்தின் கூட்டு முயற்சியாக 'இந்தோ மட்சுஷிடா அப்ளையன்சஸ்' சென்னையில் தொடங்கப்பட்டபின், மின் குக்கர் இங்கேயே உற்பத்தியாகும் பொருளாயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் தாம்பரத்தின் மக்கள்தொகையும் புதிய முகம் கொண்டது. 1984இல் தாம்பரத்தில் சென்னை ஏற்றுமதிப் பதப்படுத்தும் மண்டலம் அமைந்தது. 2003இல் அது சிறப்புப் பொருளாதார மண்டலமாயிற்று. பின்னர்ப் பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் பெருகின. தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்களும் ஆண்களும் சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், குரோம்பேட்டைத் தெருக்களில் ஒற்றை அறைகளில் குடியேறினர். எரிவாயு இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லை. தனிச் சமையலறை இல்லை. அறையில் இருந்தது ஒரு மின்செருகி மட்டுமே. ருக்மணி குக்கரின் வாரிசு அங்கே வந்து சேர்ந்தது.

அரசின் திட்டங்களையும் இங்கு ஒப்புநோக்கலாம். 2006 முதல் 2011 வரையிலான ஆட்சியில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கப்பட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கப்பட்டன. அரைக்கும் உழைப்பு மின்சாரத்துக்கு மாறியது; வேகவைக்கும் நெருப்பு எரிவாயுவில் நின்றது. இவ்விரு திட்டங்களும் குடும்ப அட்டை உடையோர்க்கானவை. வாடகை அறையில் தனித்து வாழ்வோர் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. அவர்கள் மின் குக்கரைத் தம் ஊதியத்தில் வாங்கிக்கொண்டனர்.

செலவையும் கணக்கிடுவோம். 700 வாட் குக்கர் அரைமணி நேரம் இயங்கினால் 0.35 யூனிட் செலவாகும். நாளுக்கு இருமுறை என இரண்டு மாதத்திற்குச் சுமார் 42 யூனிட். தமிழக வீடுகளுக்கு 2016 முதல் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. ஆனால் தனி மீட்டர் இல்லாத அறைகளில் வீட்டு உரிமையாளர் விதிக்கும் விலையே விலை. 'ஹீட்டர், குக்கர் உபயோகிக்கக் கூடாது' என்னும் நிபந்தனையும் பல விடுதிகளில் உண்டு. சலுகை யாருக்குச் சென்று சேர்கிறது என்பதைச் சுவரில் உள்ள மீட்டரே தீர்மானிக்கிறது.

உடல்நலம் எங்கே உள்ளது?

'வடித்த சோறுதான் உடம்புக்கு நல்லது. குக்கர் சோறு சர்க்கரையை ஏற்றும்' என்னும் கூற்றை நாம் அடிக்கடி கேட்கிறோம். இதற்கு விடைகாணக் குன்னூருக்குச் செல்ல வேண்டும். மெக்காரிசன் தொடங்கி வைத்த குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில், 1930களில் அய்க்ராய்ட் என்பாரும் அவருடன் பணிபுரிந்தோரும் அரிசியை விரிவாக ஆராய்ந்து 1940இல் அறிக்கை வெளியிட்டனர். ஆலையில் தீட்டுகையிலும், பலமுறை கழுவுகையிலும், கஞ்சியை வடித்துக் கொட்டுகையிலும் அரிசியின் பி வகை உயிர்ச்சத்துகள் இழக்கப்படுவதை அவர்கள் காட்டினர். புழுங்கல் அரிசியில் அச்சத்துகள் உள்ளே இறங்கிப் பொதிந்துவிடுவதால் இழப்பு குறைவு. தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நோய் பரவியிருந்தபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரிதும் தப்பின.

ஆக, நீர் முழுவதும் அரிசியினுள்ளேயே சுண்டும் மின் குக்கர் முறையில் சத்து வீணாவதில்லை. வடிக்கும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி கஞ்சியோடு வெளியேறுவது உண்மையே. ஆயினும் தட்டில் குவியும் சோற்றின் அளவோடு ஒப்பிட்டால் அவ்வேறுபாடு சிறிது. சென்னை நகரத்தாரின் உணவை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, அவர்தம் ஆற்றலில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே கிடைப்பதையும், அதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பையும் காட்டியது. கலத்தைக் குறைகூறிப் பயனில்லை. கலத்தில் அரிசியைத் தவிர வேறொன்றும் இடாமையே குறை.

இங்கேதான் பழைய அடுக்குக் குக்கர் நமக்குப் பாடம் சொல்கிறது. அதில் சோறும் பருப்பும் காயும் எப்போதும் ஒன்றாகவே வெந்தன. மின் குக்கரில் ஒற்றைக் கிண்ணம் வந்ததும் பருப்பும் காயும் கழன்று போயின. சோற்றை மட்டும் ஆக்கிக்கொண்டு, குழம்பையும் ஊறுகாயையும் கடையில் வாங்குவது அறைவாசிகளின் வழக்கமாயிற்று. இதை மாற்றப் பெருமுயற்சி வேண்டியதில்லை. குக்கரோடு வரும் துளைத் தட்டில் பீன்ஸ், கேரட், பூசணி ஆகியவற்றை வைத்தால் சோறு வேகும் ஆவியிலேயே வெந்துவிடும். ஒரு பங்கு அரிசிக்கு அரைப்பங்கு பாசிப்பருப்பு சேர்த்து, நீரைக் கூட்டினால் வெண்பொங்கல். சாமையும் வரகும் அரைமணி ஊறினால் நன்கு வேகும். இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலை காலையில் சுண்டலாகும். அதற்கு இரண்டு முறை விசையை அழுத்த வேண்டியிருக்கலாம். புளிக்குழம்பை மட்டும் அலுமினியக் கிண்ணத்தில் வைக்கலாகாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும். மிஞ்சிய சோற்றை அணைந்த குக்கரில் இரவு முழுதும் விட்டுவைத்தல் கேடு. நம் முன்னோர் செய்தவாறு நீரூற்றிப் பழையதாக்கிவிடுவது நன்று.

மின்சாரம் நின்றால்

இக்கலத்தின் எல்லையையும் கூறாது முடித்தல் தகாது. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டின்போது, சமைக்கும் நேரத்தை மின்வாரியத்தின் அட்டவணை நிர்ணயித்தது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. விசையை மட்டும் நம்பியிருந்த அறைகளில் அரிசி இருந்தும் சோறில்லை. கரியைப் பரணில் வைத்துக்கொள்ளலாம். மின்சாரத்தை அவ்வாறு வைத்துக்கொள்ள இயலாது.

எனினும், வைகறையில் விசையை அழுத்திவிட்டுக் குளிக்கவோ படிக்கவோ சிறிது உறங்கவோ செல்லும் ஒரு பெண்ணின் அரைமணி நேரம் வரலாற்றில் சிறிய செய்தியன்று. அவளுடைய பாட்டி அந்த அரைமணியை உலையருகே நின்றே கழித்தாள். அந்நேரம் இன்று அவளுடையது.

அன்பர்கள் தத்தம் இல்லங்களின் பரண்களைச் சற்றே நோக்குமாறு வேண்டுகிறோம். ருக்மணி குக்கர் எங்கேனும் எஞ்சியிருப்பின், பழைய பித்தளை விலைக்கு எடைபோடுமுன், அதில் எத்தனை கரித்துண்டுகள் இட்டார்கள், எந்த அடுக்கில் எதை வைத்தார்கள், யாருக்காக அது வாங்கப்பட்டது என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த விடைகள் சமையற்குறிப்பு நூல்களில் கிடைப்பவை அல்ல. கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.